நாலாவது பிளக்

கீழ் வீட்டுக் கார் உள்ளே வந்து நிற்கும்போதெல்லாம் என் தையல் மிஷின் மேல் இருக்கும் ஊசி டப்பா கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்து ஒரு வாரமாகியிருந்தது. முன்பெல்லாம் அந்தக் கார் வந்ததே தெரியாது. கேட் திறக்கிற சத்தம் கேட்கும், பிறகு கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. அப்படி வாயில்லாப் பூச்சியாக இருந்த வண்டி இப்போது குளிர்காய்ச்சல்காரனைப் போல உதறிக்கொண்டு நின்றது.

நான் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் இல்லை. ஆனால் என் மிஷின் இருப்பது மாடி ஜன்னலோரம். ஜன்னல் பார்ப்பது கீழே இருக்கும் ஒர்க்‌ஷாப்பை. கண்ணைக் கழற்றி டப்பாவிலா போட்டு வைக்க முடியும்?

அந்த ஒர்க்‌ஷாப்காரரைத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்டுத் தரை, மூன்று வண்டி நிற்கிற இடம். பின்சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதில் ஓர் ஆணி. ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் உருவத்தை வெள்ளைப் பெயிண்டால் வரைந்து வைத்திருப்பார். சாயங்காலம் கடை சாத்துமுன் பலகையை ஒரு பார்வை பார்ப்பார். ஒரே ஒரு வெள்ளை உருவம் வெறுமையாகத் தெரிந்தாலும் ஷட்டர் இறங்காது. யாருடைய இன்ஜினுக்குள்ளோ அது கிடக்கிறது என்று அர்த்தம். தேடி எடுத்து மாட்டிவிட்டுத்தான் சாப்பாடு. மனுஷன் அப்படி.

மழை தொடங்கிய வாரத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. நான் அப்போது என் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. சொந்தக் காருக்கே பிளக் மாற்றிக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்துவிட்டார்கள் என்று அவர் மனைவி சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவளோ நல்ல வாயாடி. அந்த ஒரு காலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

அவளைத் தெரு இப்போது டிரைவரம்மா என்கிறது. மாஸ்டர்தான் அவளுக்கு ஓட்டப் பழக்கி லைசென்ஸும் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் மெயின் ரோடு என்றால் அவளுக்குக் குலை நடுங்கும். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவள், அவர் படுக்கையில் விழுந்ததும், காரை எடுத்துக்கொண்டு பேக்கிங் கம்பெனிக்குப் போகும் பெண்களைக் காலையும் மாலையும் ஏற்றி இறக்க ஆரம்பித்துவிட்டாள். அவருக்கே ஆச்சரியம்.

"எப்படி உனக்குப் பயம் தெளிஞ்சுது?" என்று கேட்பார்.

"பழகிடுச்சுங்க" என்பாள். மறுபடி அடுப்பு.

மாஸ்டருக்கு நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கனம் தூக்கக் கூடாது, எதையும் இறுக்கித் திருகக் கூடாது. இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு குட்டித் தலையணை கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தையைப் போல அதைத் தூக்கிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பார். அவருக்குக் காவலாக வந்து உட்கார்ந்திருந்தது அவருடைய அக்கா. நான் பெரியக்கா என்பேன். உப்பில்லாத சூப்பை உலகத்திலேயே இவ்வளவு சந்தோஷமாகப் பரிமாறக்கூடியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி நாளாகிவிட்டது. மாஸ்டரும் நடந்தார். கேட் வரை போவார், தெருமுனை வரை போவார். பத்தடி தள்ளியிருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குள் மட்டும் காலை வைக்கவில்லை. டயர்கடைக்காரர் அந்த இடத்தைக் குடோனுக்குக் கேட்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் பதில் சொல்வதாக மாஸ்டர் சொல்லியிருந்தார்.

"குடுத்துடலாம்னு இருக்கேன்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். "உடம்பு தேறிடும்மா. அது இல்ல. ஒரு பிரேக்கைச் சரியா மாட்டாம விட்டேன்னு வையி, ஒருத்தன் பெண்டாட்டி பிள்ளையோட அந்த வண்டியில போறான். தலையில மயக்க மருந்தை ஏத்தி இறக்கிருக்காங்க. இனிமே என் கையை நானே நம்ப முடியாது."

டிரைவரம்மா பக்கத்தில்தான் நின்றாள். வேண்டாம் என்று அவள் முகம் சொன்னது, வாய் சொல்லவில்லை. அவரைப் பதற வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் வேதவாக்காக வைத்திருந்தாள்.

அந்த வாரம் தைத்த திரைச்சீலைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க அவள் காரில் ஏறினேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் மஞ்சளாக ஏதோ மினுக் மினுக்கென்றது.

"என்னக்கா இது, வண்டிக்கும் அடிபட்டிருக்கா?"

"இன்ஜின் லைட்டு. ரெண்டு நாளா எரிஞ்சுது, இப்பக் கண்ணடிக்குது. அவரு கேட்டு வரைக்கும் நடக்கறப்ப எட்டிப் பாத்தாருன்னா கவலைப்படுவாரு. அதான் மூடி வெச்சேன்."

"லைட்டை மூடிட்டீங்க. இந்த உதறலை எதைப் போட்டு மூடுவீங்க?"

"வேற ஒர்க்‌ஷாப்புல காட்டணும்" என்றாள். காட்ட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் வீட்டுக் காரின் பானெட்டை வேறொருவன் திறப்பதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் அதற்கும் மேலே ஏதோ ஒன்று அவளைத் தடுத்தது. என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

மாஸ்டருக்கு நெஞ்சைத்தான் திறந்தார்கள், காதை அடைக்கவில்லை. சனிக்கிழமை மதியம், நல்ல மழை. அரை நாள் வேலை முடிந்த பெண்களை இறக்கிவிட்டு, ஷட்டரைத் தூக்கி, அவள் காரை ஒர்க்‌ஷாப் கூரைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். இன்ஜினை அணைப்பதற்குள் வீட்டு வாசலில் மாஸ்டர், ஒரு கையில் தலையணை, ஒரு கையில் குடை.

"ஆஃப் பண்ணாத!"

அவள் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

"எத்தனை நாளா மிஸ்ஸிங் அடிக்குது?"

"இன்னிக்குத்தாங்க..."

"பொய் சொல்லாத. திங்கக்கிழமையிலேர்ந்து கேக்கறேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். மூணு காலுல நொண்டிக்கிட்டு வருது, ஊருக்கே கேக்குது. லைட்டு எரியுமே?"

அவள் கையை நீட்டிப் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார், அவள் கையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் நெஞ்சு வலிக்கும், தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தார்.

பின்னாலேயே பெரியக்கா ஓடிவந்தார். "மழையில எங்கடா போற? சூப்பு ஆறுது!"

"ஒரு நாற்காலி போடுக்கா. நான் எதையும் தொட மாட்டேன். வாயாலதான் வேலை. வாயைத் தைக்கலையே?"

நாற்காலியைக் கூரையின் விளிம்பில், ஒர்க்‌ஷாப் தரை ஆரம்பிக்கிற கோட்டுக்கு வெளியே போடச்சொன்னார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே பின்சுவர்ப் பலகையை ஒரு பார்வை பார்த்தார். பழக்கம் எங்கே போகும்?

"ராட்செட் எங்க?"

பலகையின் நடுவில் ஒரு வெள்ளை உருவம் வெறுமையாக இருந்தது. பிளக்கும் நட்டும் இறுக்குகிற கைப்பிடி அது, நீளமாக.

"எங்கயாவது இருக்கும்" என்றாள் டிரைவரம்மா.

"அது ஒரு நாளும் எங்கயாவது இருந்ததில்லையே" என்றவர், மேலே நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். "ஏம்மா, எட்டிப் பாக்கறதுதான் பாக்கற, கீழ வந்து டார்ச்சாவது பிடிக்கலாம்ல? கரண்டு வேற இல்ல."

இப்படித்தான் நான் அந்த இன்ஜினுக்கு விளக்குப் பிடிக்கப் போனேன்.

பானெட் திறந்தது. மேல் மூடியைக் கழற்றியதும் வரிசையாக நாலு கறுப்புத் தலைகள் தெரிந்தன. காயில் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே குழிக்குள் ஒரு பிளக் உட்கார்ந்து தன் சிலிண்டரில் பொறி போடுமாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேர் தூக்குகிற கட்டிலில் ஒருவன் மட்டும் கையை விட்ட மாதிரி ஒரு ஆட்டம்.

"ஒண்ணாவது காயில் ஒயரைப் பிடுங்கு. பிளாஸ்டிக்கைப் பிடிச்சு இழு, ஒயரை இழுக்காத" என்றார்.

பிடுங்கினாள். இன்ஜின் இன்னும் மோசமாகத் தடுமாறியது.

"அவன் வேலை செய்யறான். மாட்டிடு. அடுத்து."

இரண்டாவதைப் பிடுங்கியபோதும் தடுமாறியது. மூன்றாவதற்கும் அப்படியே. நாலாவதைப் பிடுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. அதே உதறல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கேட்டியா? இவனைப் பிடுங்கினா இன்ஜினுக்குத் தெரியவே இல்ல" என்றார் மாஸ்டர். "இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். மூணு பேரு மாடா உழைக்கறாங்க, நாலாவது ஆளு உக்காந்து சூப்பு குடிக்கறாரு. என்னை மாதிரி."

"வாயைக் கழுவுங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அவள் கண் பளபளத்ததை நான்தான் பார்த்தேன்.

"வெளிச்சம் எங்கம்மா போகுது? மிஸ்ஸிங் அவ மூஞ்சிலயா இருக்கு?"

டார்ச்சை இன்ஜினுக்குத் திருப்பினேன்.

இன்ஜினை நிறுத்தி, மூன்றாவது காயிலையும் நாலாவதையும் இடம் மாற்றிப் போடச் சொன்னார். காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு கூடவே மூன்றாவதுக்குப் போய்விடுமாம். போகவில்லை. மறுபடியும் நாலாவதுதான் செத்துக் கிடந்தது.

"அப்பக் காயில் இல்ல. பிளக்கைப் பாக்கணும். இப்பக் கழட்டாத, சூடா இருக்கும். ஆறட்டும்."

ஆறுகிற நேரத்துக்குப் பெரியக்கா தேநீர் கொண்டுவந்தார். மாஸ்டருக்குச் சர்க்கரை இல்லாதது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. மாஸ்டர் பேசினார் பேசினார், அப்படிப் பேசினார். மூன்று மாதத்துப் பேச்சு. எலி கூடு கட்டிய இன்ஜின், பெட்ரோல் வண்டிக்கு டீசல் போட்ட புது மாப்பிள்ளை, எல்லாக் கதையும் வந்தது. பெரியக்காவே சிரித்துவிட்டார். டிரைவரம்மா மட்டும் தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாலாவது குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை.

ராட்செட் இல்லாததால் ஒரு பழைய டி-ஸ்பேனரைத் தேடி எடுத்தாள். நீளக் குழாய் போல இருந்த பிளக் சாக்கெட்டைக் குழிக்குள் இறக்கினாள். ஸ்பேனரை மாட்டப் போனவள் நின்றுவிட்டாள். சாக்கெட் அவள் விரலோடு தானாகச் சுழன்றது.

"என்ன?" என்றார் மாஸ்டர்.

விரலாலேயே சுற்றிச் சுற்றி பிளக்கை வெளியே எடுத்து அவர் கையில் வைத்தாள். வெள்ளைப் பீங்கானெல்லாம் கரி அப்பியிருந்தது.

மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துபோனது.

"இது டைட்டே பண்ணலை. கையால திருகி விட்டிருக்கு, அவ்வளவுதான். ஓட ஓட லூசாகி, சந்துல புகை போயிருக்கு." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "அன்னிக்கு நான்தானே மாத்தினேன். மூணு போட்டது ஞாபகம் இருக்கு. நாலாவதைப் போட்டது ஞாபகமே இல்ல. போட்டுட்டு டைட் பண்ணாமயே விட்டிருக்கேன்."

"என்னங்க..."

"இத்தனை வருஷத்துல ஒரு பிளக்கை நான் இப்படி விட்டதில்ல. பாத்தியா? நான் சொன்னேன்ல? இந்த வண்டியில தினம் அத்தனை பொண்ணுங்களை ஏத்திக்கிட்டுப் போயிருக்க." பிளக்கை மடியில் வைத்தார். "டயர்கடைக்காரன் வந்தான்னா சாவியைக் குடுத்துடு. என் கை போயிடுச்சு."

மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த சாட்சி கிடைத்துவிட்ட மாதிரி அவ்வளவு அமைதியாகச் சொன்னார். பெரியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"அதை மாட்டினது நீங்க இல்லைங்க" என்றாள் டிரைவரம்மா. "நான்."

அவள் எங்களைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க விழுந்தப்ப மூணுதான் மாட்டியிருந்துச்சு. நாலாவது பெஞ்சு மேல இருந்துச்சு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன். ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு, சுத்திக்கிட்டு வரணும், நேரமாகும்னாங்க. தெருவுல ஒரு வண்டி இல்ல. கொட்டுற மழை. நம்ம வண்டி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது."

"ஆம்புலன்ஸ்ல போனோம்னு சொன்னியே?"

"ஆம்புலன்ஸ் வரவே இல்லைங்க. நான்தான் ஓட்டிட்டுப் போனேன். குழியை மூடாம ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க செய்யறதை எத்தனை தடவை பாத்திருக்கேன். பிளக்கை விட்டு சாக்கெட்டைப் பிடிச்சு விரலாலயே திருகினேன். ராட்செட்டு..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ராட்செட்டு உங்க கையில இருந்துச்சு. இழுத்து இழுத்துப் பாத்தேன். விரலைப் பிரிக்கவே முடியல. பேச்சு இல்ல, கண்ணு மட்டும் என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. கையை விடவே மாட்டேங்கறீங்க."

மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார்.

"வழியில போன யாரோ ஒருத்தரைக் கூப்பிட்டு ரெண்டு பேருமா உங்களைத் தூக்கிப் பின் சீட்டுல போட்டோம். அவரு முகம்கூட ஞாபகம் இல்ல. அதெல்லாம் சரி. அதுக்கு முன்னாடி, உங்களை அந்தத் தரையில போட்டுட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு இன்ஜினுக்குள்ள குனிஞ்சு நின்னேங்க. திரும்பிப் பாத்தா நீங்க இருப்பீங்களோ மாட்டீங்களோன்னு திரும்பியே பாக்கல. புருஷன் உயிருக்குப் போராடறப்ப பிளக் மாட்டிக்கிட்டு நின்னவ நான். அதை எப்படி உங்ககிட்ட சொல்றது?"

சொல்லிவிட்டு அவள் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கைக்கடிகாரத்தோடு சேர்த்துக் கொடுத்தார்களாம். பலகையில் மாட்டினால் அவர் கேட்பார் என்று மூன்று மாதமாக அதன் மேல் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டியிருக்கிறாள். லைட்டுக்குப் பிளாஸ்திரி ஒட்டியது எதற்கென்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

மாஸ்டர் எழுந்தார். தலையணையை அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். தான் உள்ளே வந்தது அவருக்கே தெரிந்திருக்காது. பெரியக்கா கவனித்துவிட்டு என் கையைக் கிள்ளினார்.

"டார்ச்சைக் குழிக்குள்ள அடிம்மா" என்றார்.

அடித்தேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மரை கெடவே இல்ல" என்றார். "இந்த இன்ஜின் ஹெட்டு அலுமினியம், மெத்து. பதட்டத்துல ராட்செட் போட்டு இறுக்கியிருந்தா, மரை குறுக்க ஏறி மொத்தமும் போயிருக்கும், வண்டியும் கிளம்பியிருக்காது. கையால திருகினதாலதான் நேரா உக்காந்திருக்கு. நானே முதல்ல கையாலதான் திருகுவேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டிராயரிலிருந்து புது பிளக்கை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

"ம். விடு உள்ள. விரலால. அப்படித்தான். உக்காந்துடுச்சா? இப்ப ராட்செட்டை மாட்டு."

மாட்டினாள். இறுக்கித் திருக அவருக்கு அனுமதி இல்லை. ராட்செட்டின் மேல் இருந்த அவள் கையின் மீது தன் கையைச் சும்மா வைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும் ஒரு துளி... போதும். கையில ஒரு கெட்டி தெரிஞ்சுதா? அதான். அதுக்கு மேல பேராசை."

மற்ற மூன்றையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்றும் பாறையாக இருந்தன. அவர் இறுக்கியவை. அவர் மூன்று முறை தலையாட்டினார்.

இன்ஜினை ஓட விட்டபோது, ஓடுகிறதா என்று நான் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. லைட் கண்ணடிப்பதை நிறுத்தியிருந்தது. ஆனால் அணையவில்லை, மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது.

"இன்னும் போகலையே" என்றாள் அவள்.

"உடனே போகாது. நல்லாயிட்டோம்னு அது நம்பறதுக்கு நாலஞ்சு தடவை ஓடிப் பாக்கணும். அதுவா அணையும். மூட வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து டயர்கடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். "என்ன மாஸ்டர், சொல்றேன்னீங்களே?"

மாஸ்டர் ராட்செட்டை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "இடம் தோதுப்படாது. பலகையை எங்க கொண்டுபோய் மாட்டறது? ஆனா இந்த வண்டிக்கு முன் டயர் ரெண்டும் தேஞ்சு போச்சு. மழையில பொம்பளைங்க போற வண்டி. நல்லதா ரெண்டு எடுத்து வைங்க." ராட்செட்டை அதன் வெள்ளை உருவத்தின் மேல் மாட்டினார். பலகையை ஒரு தடவை பார்த்தார்.

"ஓட்டிப் பாக்கணும். ஏறு" என்றார் மனைவியிடம்.

"எங்கடா போற? டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார் பெரியக்கா.

"உக்காந்துக்கிட்டுதானேக்கா போறேன்."

தலையணையை நெஞ்சில் வைத்து அதன் மேல் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் பெரியக்காவும் நானும். டார்ச்சை அணைக்கக்கூட மறந்து கையில் பிடித்திருந்தேன். மழை விட்டிருந்தது. தெருமுனையில் திரும்பி மெயின் ரோட்டில் ஏறினோம். எதிரே ஒரு லாரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. மாஸ்டர் லாரியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வழியாவா கூட்டிட்டுப் போன?"

"ஆமாங்க."

"அன்னிக்கு மிஸ்ஸிங் அடிச்சுதா?"

"இல்லைங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நல்லாதான் ஓடுச்சு."

"அப்பறம் என்ன?" என்றார் மாஸ்டர். "சரியாத்தான் மாட்டியிருக்க."